கெங் ஹோ சொன்ன குறைகள்

— எடையில குறையே சொல்ல முடியாதாம், தவுக்கே. ஒரு கையால தூக்கிட்டு நடக்கலாமாம். அதை முதல்ல சொல்லச் சொன்னான்.

— யாரு சொல்லச் சொன்னது?

— என் தம்பி. கெங் ஹோ.

— டீச்சர், கெங் ஹோ செத்ததுலேருந்து அவனுக்குக் காகித வீடு, காரு, வேலைக்காரன் எல்லாம் என் கடையிலதான் வாங்கி எரிச்சீங்க. கடைசியா அந்த லேப்டாப்பு. இப்ப பேசறானா?

— கனவுல வர்றான். சும்மா வரமாட்டான், உங்களுக்குத்தான் அவனைத் தெரியுமே. இருந்த காலத்துல என்ன வேலை செஞ்சானோ அதையேதான் அங்கேயும் செய்யறான்.

— பத்திரிகையில கம்ப்யூட்டருக்கு மார்க் போடுவானே, அதுவா?

— அதேதான். நல்லது முதல்ல, கெட்டது அடுத்தது, கடைசியில வாங்கலாமா கூடாதா. சிங் மிங் திருநாளுக்குக் கல்லறையில நான் எரிச்ச உங்க லேப்டாப்பையும் விட்டு வைக்கலை.

— அட, காகித லேப்டாப்புக்கா மார்க்கு?

— அங்கே போய்ச் சேர்ந்தா அது காகிதம் இல்லை. கடைத் தவுக்கே நீங்கதான் அப்படிச் சொல்லி விக்கிறீங்க. சரியா?

— சொல்றதுதான் லா. வியாபாரம். உக்காருங்க, கோப்பி சொல்றேன்.

— வேணாம். ஏழாம் மாசம், ஆவிங்க வர்ற மாசம், உங்களுக்குக் கை ஓயாது. சொல்லிட்டுப் போயிடறேன். நல்லது முதல்ல. ஒண்ணு, எடை. ரெண்டாவது, சத்தம் இல்லை. உள்ளே காத்தாடி கிடையாதாம். மூணாவது, சூடு ஏறலை.

— எரிச்சு அனுப்பின சாமான். இதுக்கு மேல என்ன சூடு ஏறும்?

— அதையேதான் அவனும் சொன்னான். சொல்லிட்டு அவனே சிரிச்சான். நாலாவது, வேலைப்பாடு. இதைக் கொஞ்சம் கவனமா கேளுங்க. மத்தவங்களுக்கெல்லாம் வர்ற லேப்டாப்பு அட்டைப் பெட்டி மாதிரி இருக்காம். இது மட்டும் நிஜ மெஷினைப் பக்கத்துல வச்சுப் பார்த்துச் செஞ்சதாம். ஓரத்துல ஒயர் சொருகற துளை கூட இருக்காம். இடது பக்கம் ரெண்டு, வலது பக்கம் ஒண்ணு.

— துளையா?

— துளை.

— நான் துளை போடறதில்லையே டீச்சர். ஒரு கறுப்புக் கோடு இழுப்பேன், அவ்வளவுதான். பதினஞ்சு வெள்ளிக்கு விக்கிற சாமானுக்கு எவன் உக்காந்து துளை போடுவான்?

— போட்டிருக்கீங்க. செஞ்சவர் யாரையோ மனசுல வச்சு, பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்கார்னு சொன்னான். அவன் அப்படியெல்லாம் யாரையும் பாராட்ட மாட்டான்.

— ஏங்க! போன் அடிச்சுதா?

— அடிக்கலை, ஆ கிம்! அடிச்சா உள்ளே உனக்குக் கேக்காதா?

— சத்தத்தைக் குறைச்சு வச்சிருக்கீங்களா பாருங்க!

— கூட்டித்தான் வச்சிருக்கேன்!

— இந்தக் காது மடங்கின சனியன் பசைச் சட்டியில வாயை வச்சுடுச்சு! போ! போ அந்தப் பக்கம்!

— உங்க வீட்டம்மாவுக்கு ஏதாவது முக்கியமான போன் வரணுமா?

— பொண்ணு. லே பெங். வெளியூர்ல வேலை செய்யுது.

— உங்க பொண்ணா? குதிரைவால் கட்டிக்கிட்டு இங்கே உக்காந்து தங்கக் காகிதம் மடிக்குமே?

— அதேதான். நியூ இயர் முடிஞ்ச கையோட கிளம்பிடுச்சு. தாய்லாந்து தாண்டி, எல்லைக்கு அந்தப் பக்கம். வாடிக்கையாளர்கிட்ட பேசற வேலை. தங்க இடம் குடுக்கறாங்க, சாப்பாடு குடுக்கறாங்க. கம்பெனியே லேப்டாப்பும் குடுக்குதாம்.

— எல்லைக்கு அந்தப் பக்கமா?

— ஏன் அப்படிக் கேக்கறீங்க?

— ஒண்ணும் இல்லை. பேப்பர்ல அந்த மாதிரி வேலைங்களைப் பத்திப் போடறாங்க. படிச்சிருப்பீங்க.

— நான் பேப்பர் வாங்கறது சாமான் சுத்தறதுக்கு.

— போலீஸ்ல சொல்லி வச்சீங்களா?

— எதுக்கு? கோவிச்சுக்கிட்டுப் போனவ. கோவம் தணிஞ்சா தானா பேசுவா.

— தானா பேசுவாளாம்! டீச்சரம்மா, நீங்களே நியாயம் சொல்லுங்க. கை பூரா பசை, அதான் வெளியே வரலை, இங்கேருந்தே சொல்றேன். கோவிச்சுக்கிட்டாளாம்! ஏன் கோவிச்சுக்கிட்டான்னு கேளுங்க அந்த மனுஷனை!

— ஆ கிம், வந்தவங்க முன்னாடி வேணாம்.

— வந்தவங்க முன்னாடிதான் சொல்லணும். அவ என்ன கேட்டா? வைரமா கேட்டா? கையில எடுத்துட்டுப் போற மாதிரி சின்னதா ஒரு லேப்டாப்பு. கணக்கு எழுதற படிப்பு படிக்கிறேன்னா. கடையில போய்ப் பார்த்து, போன்ல படம் பிடிச்சுட்டு வந்து, சோறு திங்கும்போதெல்லாம் அப்பா இதைப் பாருங்க, அப்பா இதைப் பாருங்கன்னு காட்டினா. இந்த மனுஷன் என்ன செஞ்சாரு தெரியுமா?

— தெரியாது.

— ஒரு நாள் பூரா உக்காந்து அதே மாதிரி காகிதத்துல செஞ்சாரு. நீ கேட்டது இதானே, இந்தான்னு அவ கையில குடுத்தாரு. உயிரோட இருக்கிற பொண்ணு கையில! அதுவும் எப்படி? பேரு எழுதின சீட்டை உள்ளே ஒட்டி!

— பேரு சீட்டா? செத்தவங்களுக்கு ஒட்டற மாதிரியா?

— அதேதான்! எந்த அப்பன் செய்வான்?

— கோவத்துல செஞ்சேன்! நூறு தடவை சொல்லிட்டேன். எரிச்சேனா? எரிக்கலை. எரிக்காத வரைக்கும் அது வெறும் காகிதம். அது எங்கேயும் போகாது, யாரையும் எதுவும் பண்ணாது. இந்தத் தொழில்ல எனக்குத் தெரியாததா?

— எல்லாம் தெரிஞ்ச மனுஷன்! சிங் மிங் அன்னிக்குக் காலையில லே பெங் பேசினதுதான் டீச்சரம்மா கடைசி. அம்மா சாப்பிட்டீங்களா, உங்க ஊர்ல மழையான்னா. அம்மான்னு கூப்பிட்டா, குரல் அவளோடது, ஆனா தெரியாத மனுஷிகிட்ட பேசற மாதிரி பேசினா. உங்க ஊர்லயாம்! இது அவ ஊரு இல்லையா?

— அப்புறம் பேசலையா?

— இல்லை. வர்றேன், கையைக் கழுவிட்டு வர்றேன். அந்தச் சனியன் வேற சட்டியைக் கவுத்துடும்.

— தவுக்கே.

— தண்ணிச் சத்தத்துல அவளுக்குக் கேக்காது. உங்ககிட்ட சொல்றேன் டீச்சர். அதைக் கிழிக்க எனக்கு மனசு வரலை. கிழிச்சா என்னவோ அவளைக் கிழிக்கிற மாதிரி இருந்துச்சு. எரிக்கவும் கூடாது. பேப்பர்ல சுத்தி, கயிறு கட்டி, பரண்ல ஒரு மூலையில போட்டுட்டேன். அவ திரும்பி வந்ததும் அவ கையாலயே அந்தச் சீட்டைப் பிய்க்கச் சொல்லணும். அப்புறம் கடைக்குக் கூட்டிட்டுப் போய் நிஜமானதை வாங்கிக் குடுத்துடுவேன். விலை கேட்டு வச்சிருக்கேன்.

— நல்லது. அப்படியே செய்ங்க.

— சரி, உங்க விஷயத்துக்கு வாங்க. கெட்டது என்னவாம்?

— இன்னொரு நாள் சொல்றேனே.

— அட, குறை சொல்லத்தானே டீச்சர் வந்தீங்க? சொல்லுங்க லா. அடுத்த தடவை திருத்திக்கிறேன்.

— சின்னக் குறை முதல்ல. கீபோர்டு நெருக்கமாம். அவன் விரல் தடிமன், ஒண்ணை அழுத்தினா ரெண்டு அழுந்துதாம். சார்ஜர் ஒயர் குட்டையாம்.

— ஒயரை நீட்டிடலாம்.

— பின்னணிப் படத்தை மாத்த முடியலையாம்.

— திரையில ஒட்டின படம். எப்படி மாத்துவான்?

— சரி. அடுத்தது பெரிய குறை. அதுக்காகத்தான் வந்தேன். தவுக்கே, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது.

— நான் ஏன் எடுத்துக்கறேன்?

— அது புதுசு இல்லைங்கறான். பழசாம்.

— பழசா! டீச்சர், காகிதச் சாமான்ல பழசு ஏது? எரிச்சதைத் திருப்பி வாங்கியா விக்க முடியும்?

— நானும் அதைத்தான் கேட்டேன். கோவிச்சுக்கிட்டான். மேல என் பேரு ஒட்டியிருக்கு, மூடியைத் திறந்தா உள்ளே வேற ஒருத்தர் பேரு ஒட்டியிருக்கு, வேற ஆளோட சாமானை அக்கா என் தலையில கட்டிட்டீங்கன்னான். மேல ஒட்டினது நான்தான். சுத்தியிருந்த பேப்பரைக் கூட பிரிக்கலை. அதுக்கு மேலயே சீட்டை ஒட்டிக் கொளுத்தினேன்.

— இருங்க. இருங்க. என் கடையில முன்கூட்டியே எதுலயும் பேரு ஒட்டறதில்லை. வாங்கறவங்க சொன்னாத்தான் எழுதுவேன்.

— தெரியும். அதான் எனக்கும் புரியலை.

— உள்ளே என்ன பேராம்?

— அவனைப் பார்க்க விடலையாம். அந்தப் பொண்ணு கையால மூடிக்குதாம்.

— எந்தப் பொண்ணு?

— அதைச் சொல்லலையே. ஒரு பொண்ணு வருதாம். லேப்டாப் போய்ச் சேர்ந்தப்ப அது அங்கே இல்லையாம். பத்து பதினஞ்சு நாள் இவன்தான் தனியா வச்சுப் பார்த்துக்கிட்டிருந்திருக்கான். அப்புறம் ஒரு நாள் வாசல்ல வந்து நின்னு, இது என்னுது, என் பேரு போட்டிருக்குன்னு சொல்லுச்சாம். மூடியைத் திறந்து காட்டுச்சாம்.

— அதுக்கு அப்புறம்தான் வந்துச்சா? முன்னாடி இல்லையா?

— லேப்டாப்தான் முதல்ல. பொண்ணு அப்புறம். அதுல அவன் தெளிவா இருக்கான். தேதி விஷயத்துல தப்பு பண்ண மாட்டான்.

— டீச்சர், கனவுல வர்றது கண்டபடி வரும்.

— வரும். எனக்கும் கண்டபடி வரும். ஆனா எனக்குத் தெரியாத விஷயம் எப்படி வரும்? லேப்டாப்புல ஒயர் துளைன்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது. நான் சுவத்துல இருக்கற பிளக் துளையைத்தான் நினைச்சேன்.

— அந்தப் பொண்ணு என்ன பண்ணுது அதை வச்சு?

— டைப் அடிக்குதாம். ரொம்ப வேகமா. இவனே அசந்துட்டான். இந்தச் சின்னக் கீபோர்டுல அந்த வேகம் யாருக்கும் வராது, பழக்கப்பட்ட கைங்கறான். ஆனா ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்ப அடிக்குதாம்.

— என்ன வரி?

— தவுக்கே, கோப்பி குடிக்கலாம். சொல்லுங்க.

— என்ன வரி டீச்சர்?

— சாப்பிட்டீங்களா. உங்க ஊர்ல மழையா.

— அதையா அடிக்குது?

— உங்க வீட்டம்மா கொஞ்சம் முன்னாடி சொன்னப்பதான் எனக்கே பக்குன்னு இருந்துச்சு. எல்லாரும் கேக்கற கேள்விதான். ஊர்ல யாரு கேக்காம இருக்காங்க? யாருக்கும்மா இதை எழுதறேன்னு இவன் கேட்டானாம். தெரியாதவங்களுக்குன்னு சொல்லுச்சாம். தினமும் இத்தனை பேருக்கு எழுதணும், எழுதாட்டி சோறு கிடையாதுன்னுச்சாம். இங்கே யாரும்மா உன்னைக் கேக்கறாங்கன்னா, நிமிர்ந்து பார்த்துட்டு மறுபடி அடிக்க ஆரம்பிச்சுடுதாம்.

— கம்பெனி வேலையில இருக்கிற எல்லாரும் டைப் அடிக்கறவங்கதான்.

— ஆமாம்.

— வேற எதுவும் சொல்லலையே?

— இல்லை.

— டீச்சர், நீங்க பொய் சொல்லிப் பழகாதவங்க. முகத்துல தெரியுது.

— உறுதியைப் பத்திச் சொன்னான்.

— எதோட உறுதி?

— மெஷினோட உறுதி. அவன் எழுதறப்பவும் அப்படி ஒரு பகுதி வருமே, கீழே போட்டுப் பார்த்தா உடையுதான்னு. இதை எப்படிச் சோதிக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தானாம். அந்தப் பொண்ணுதான் சொல்லுச்சாம், சோதிக்க வேணாம், இதே மாதிரி ஒண்ணு வேலையில குடுத்திருந்தாங்க, நான் சோதிச்சுட்டேன்னு.

— எப்படி?

— சட்டைக்குள்ள வச்சா வெளியே தெரியாதாம். காவல் ஆளு தடவிப் பார்த்தாலும் ஏதோ புத்தகம்னு நினைச்சுப்பானாம். அதுல ஏமாந்த நிறைய பேரோட விவரம் இருந்துச்சாம், வெளியே கொண்டு போய்க் காட்டினா அங்கே அடைச்சு வச்சிருக்கிற எல்லாரையும் விட்டுடுவாங்கன்னு நினைச்சுச்சாம். சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு ஜன்னல் வழியா இறங்கியிருக்கு. நாலாவது மாடி.

— நாலாவது மாடியா?

— மூலை கூட நசுங்கலையாம். திரையில ஒரு கீறல் இல்லையாம். திறந்தா உடனே திரையில வெளிச்சம் வந்துச்சாம். கெங் ஹோ அதுக்கு முழு மார்க் போட்டான்.

— அந்தப் பொண்ணுக்கு?

— தவுக்கே.

— அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு டீச்சர்?

— என் தம்பி மெஷினைப் பத்தி மட்டும்தான் சொல்லுவான்.

— ஆயிரம் பொண்ணுங்க இருக்கு. ஆயிரம் பொண்ணுங்க இந்த மாதிரி வேலைக்குப் போகுது.

— ஆமாம்.

— என்னுது பரண்ல இருக்கு. எரிக்கலை. நான் சொன்னேன்ல உங்ககிட்ட?

— சொன்னீங்க.

— எரிக்காதது போகாது. இந்தத் தெருவுல எந்தக் கடையில வேணா கேளுங்க.

— எனக்கும் தெரியும்.

— மொத்தத்துல என்ன சொன்னான்? வாங்கலாமா, கூடாதா?

— மார்க் போட மாட்டேன்னுட்டான். என்னுது இல்லாத சாமானுக்கு நான் மார்க் போட முடியாது, எனக்குன்னு ஒண்ணு தனியா வாங்கி அனுப்புங்க அக்கான்னான். அதான் இன்னொண்ணு வாங்கிட்டுப் போக வந்தேன்.

— தர்றேன். காசு வேணாம்.

— காசு வாங்கிக்கணும். இல்லாட்டி அதுக்கும் ஏதாவது சொல்லுவான்.

— டீச்சர், ஒண்ணு கேக்கறேன். அந்தப் பின்னணிப் படம். மாத்த முடியலைன்னானே. அது என்ன படம்னு சொன்னானா? நான் எல்லாத்துலயும் மலை ஒட்டுவேன். பச்சை மலை, மேல வெள்ளை மேகம். காலண்டர்ல இருந்து மொத்தமா வெட்டி வச்சிருக்கேன். விக்கிற சாமான்ல வேற படம் ஒட்டினதே இல்லை. மலைதானே?

— மலை இல்லை.

— நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

— யோசிக்க ஒண்ணும் இல்லை. சிரிச்சுக்கிட்டே சொன்னான். இந்த மாதிரி மெஷினுக்கு எவனாவது இந்தப் படத்தை வைப்பானான்னு. மாத்தப் பார்த்தானாம், அந்தப் பொண்ணு அழுதுச்சாம், அப்படியே விட்டுட்டானாம்.

— என்ன படம்?

— பூனை. ஒரு காது மடங்கின பூனை. தவுக்கே? ஏன் எந்திரிக்கறீங்க? உக்காருங்க. தவுக்கே!

— ஆ கிம்!

— வர்றேன்! கை கழுவிட்டேன், வர்றேன். போன் வந்துச்சா?

— ஏணியை எடு. பரண்ல ஏறு. உள்ளே தள்ளி, ஒரு மூலையில, பேப்பர்ல சுத்திக் கயிறு கட்டி இருக்கும். அதை எடுத்துட்டு வா. சீக்கிரம்!

— எதை?

— லே பெங்குக்குச் செஞ்சதை! அவ பூனையோட படத்தை ஒட்டினதை! எடுத்துட்டு வந்து டீச்சர்கிட்ட காட்டு!

— அதுவா? அதைத்தான் டீச்சரம்மாவுக்கே வித்துட்டேனே.

— என்ன சொல்றே?

— சிங் மிங்குக்கு முந்தின நாள். நீங்க பட்டர்வொர்த்துல பெரிய காகித வீடு கட்டப் போயிருந்தீங்க. இங்கே லேப்டாப்பு எல்லாம் தீர்ந்து போச்சு. டீச்சரம்மா வந்து தம்பிக்கு வேணும்னு நின்னாங்க, பரண்ல தேடினா அது ஒண்ணுதான் இருந்துச்சு. இல்லையா டீச்சரம்மா?

— ஆமாம்மா. நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க.

— உள்ளே சீட்டு இருந்துச்சே, ஆ கிம். அந்தச் சீட்டைப் பிச்சியா?

— நான் எங்கே திறந்தேன்? சுத்தினபடியே எடுத்துக் குடுத்துட்டேன். மறுநாள் போனை வச்சதும் நினைச்சுக்கிட்டேன், ஒரு நாளைக்கு உங்ககிட்ட சொல்லிக் காட்டணும்னு. அந்தக் காகிதச் சனியன் இந்த வீட்ல இருக்கிற வரைக்கும்தான் அவ பேசாம இருந்தா. பாருங்க, அது வாசலைத் தாண்டின மறுநாளே என் பொண்ணு போன் பண்ணிட்டா!